அத்தானின் ஈரச் சாக்கு

அந்தச் சாக்கைக் கண்ணை மூடாமலே இன்றைக்கும் என்னால் பார்க்க முடியும். சணல் சாக்கு. ஒரு பக்கத்தில் நீல மையில் ஏதோ ஓர் ஆலையின் பெயர் அடித்திருந்தது. உப்புத் தண்ணீரில் ஊறி ஊறிப் பாதி எழுத்து போய்விட்டது. கடலில் முக்கி எடுத்தால் ஒரு கைக்குழந்தையைவிடப் பாரமாக இருக்கும். என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், அதைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் நடந்து வருவார். தண்ணீர் முதுகு வழியே வடிந்து சாரத்தின் பின்பக்கம் முழுக்க நனைந்திருக்கும். கடலுக்குள்ளிருந்து வருகிற இழுகயிற்றின் நடுவில் அதை மடித்துப் போட்டு, சணல் துண்டொன்றால் கட்டி, மேலே இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வின்ச்சுக்குப் போவார். எங்கள் ஊரான அரிப்பின் கரையில் அதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. நானும் சிரித்தவள்தான். என் சிரிப்பைப் பற்றியும் எழுதவேண்டி வரும் என்பதால்தான் இத்தனை காலம் இதை எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

கரைவலையைத் தெரியாதவர்களுக்காக ஒரு சொல். வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்து இறக்கிவிட்டு, அதன் இரண்டு பக்கக் கயிறுகளையும் கரையிலிருந்து இழுப்பார்கள். முன்பு ஆட்கள் வரிசையாக நின்று இழுத்தார்கள். என் காலத்தில் ட்ரக்டரின் பின்னால் பூட்டிய வின்ச் உருளை அந்த வேலையைச் செய்தது. உருளையில் கயிறு மூன்று நான்கு சுற்றுச் சுற்றிக்கொண்டு வரும். வெளியே வருகிற முனையை ஓர் ஆள் பிடித்து இறுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். அந்த ஆள் அத்தான். நைலோன் கயிறு இழுபடும்போது நீளும். நீண்ட கயிறு அறுந்தால் சும்மா கீழே விழாது. திரும்பி வரும். வருகிற வழியில் நிற்பவர் உருளைக்காரர்தான்.

அத்தான் பயந்த மனிதர். அதை மறைக்கவும் மாட்டார். பஸ்ஸில் முன் கதிரையில் இருக்கமாட்டார். தென்னைக்குக் கீழே கட்டில் போட விடமாட்டார். திருவிழாவுக்குக் கோவிலடியில் ஜெனரேட்டர் வைத்தால் அது நிற்கிற பக்கமே போகமாட்டார். அக்காவையும் இழுத்துக்கொண்டு மற்றப் பக்கம் போய்விடுவார். கயிறு அறுந்தால் ஈரச் சாக்கின் பாரம் அதைக் கீழே விழுத்திவிடும் என்பது அவர் நம்பிக்கை. கரையில் அவருக்குச் சாக்குக்காரன் என்று பெயர். கயிறு இழுபட இழுபடச் சாக்கும் அதோடு நகர்ந்து உருளைக்குக் கிட்ட வந்துவிடும். உடனே வின்ச்சை நிறுத்தச் சொல்லி, சாக்கை அவிழ்த்து, தண்ணீர் விளிம்புவரை நடந்துபோய், திரும்ப நனைத்து, திரும்பக் கட்டுவார். ஒரு இழுவைக்கு நாலைந்து தடவை இந்தக் கூத்து நடக்கும். வலைக்குள் மீன் துள்ளிக்கொண்டு கிடக்க, கரையில் பத்துப் பதினைந்து பேர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒரு மனிதனின் சாக்குக்காகக் காத்து நிற்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். நான் பொறியியல் பீடத்தில் படிக்கிறவள், என் அத்தான் சாக்குக்காரன் என்று.

விடுமுறைக்கு வந்திருந்த ஒரு நாள் பகல், அக்கா கட்டித் தந்த சோற்றுப் பார்சலோடு கரைக்குப் போனேன். அன்றைக்கு வலையில் நல்ல மீன்பாடு. தூரத்திலேயே பறவைகள் இறங்கி இறங்கி எழும்பின. வியாபாரியின் லொறி வந்து நின்றுவிட்டது. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாகத் தவித்துக்கொண்டிருந்தார். அத்தான் மூன்றாம் முறையாக வின்ச்சை நிறுத்தச் சொன்னார். எனக்கு என்ன பிசாசு பிடித்ததோ தெரியாது. ஒரு குச்சியை எடுத்து ஈர மணலில் கணக்குப் போட ஆரம்பித்தேன். கயிற்றின் இழுவை இவ்வளவு, சாக்கின் பாரம் இவ்வளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவு.

“அத்தான், இவ்வளவு இழுவைக்கு முன்னால உங்கட சாக்கு ஒரு தூசு. அது கிடந்தாலும் ஒண்டுதான், கிடக்காட்டியும் ஒண்டுதான்,” என்றேன். நான் வேண்டுமென்றே சத்தமாகத்தான் சொன்னேன். எல்லாரும் கேட்கவேண்டும் என்று.

கரையே சிரித்தது. “கம்பஸ்காரி சொல்லிப்போட்டாளடா!” என்று ஒருவர் கையைத் தட்டினார். “படிச்ச பிள்ளையே சொல்லுது, இனியாவது விடன் மருமோனே,” என்றார் சம்மாட்டியார். அத்தான் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு இன்றைக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திராது. ஒரு பரீட்சையில் தவறிய ஆள் விடைத்தாளைப் பார்ப்பதுபோல மணலில் கிடந்த என் கணக்கையும் பார்த்தார். பிறகு சாக்கை அவிழ்த்துக் கொண்டுவந்து ட்ரக்டரின் சில்லுக்கு மேலிருந்த தகட்டில் போட்டார். வெயிலில் கொதித்துக் கிடந்த தகட்டில் தண்ணீர் சொட்டி ஆவி போனது நினைவிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் கயிறு அறுந்தது. படீரென்று ஒரு சத்தம். அந்த மாதிரிச் சத்தத்துக்கு, யுத்தம் கண்ட எங்கள் ஊர்ச் சனம் யோசிக்காது. எல்லாரும் பழக்கத்தில் மணலில் குப்புற விழுந்தார்கள். நானும் விழுந்தேன். அத்தானால் விழ முடியவில்லை, அவர் கையில் கயிற்றின் முனை இருந்தது. நான் தலையைத் தூக்கியபோது அவர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு முழங்காலில் இருந்தார். “மாதாவே, மாதாவே” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த லொறியில்தான் மன்னாருக்குக் கொண்டு ஓடினோம். இடது கண் போய்விட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சிரித்தவர்கள் எல்லாருக்கும் அதில் பங்கு இருந்தபடியால் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று நினைக்கிறேன். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. அத்தானும் சொல்லவில்லை. நான் விடுமுறை முடிந்து பஸ் ஏறினேன். படித்தேன், பாஸானேன். அத்தானை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று புரளும். கயிறு எப்படியும் அறுந்துதானே இருக்கும், சாக்கு என்ன செய்திருக்கும் என்று என்னையே சமாளித்துக்கொள்வேன். அந்தச் சமாளிப்பிலேயே பல வருடம் ஓடிவிட்டது.

இப்போது நான் பார்க்கும் வேலையைச் சொன்னால் கடவுளுக்கே பகிடி அதிகம் என்பீர்கள். விமானங்களை மறித்து நிறுத்துகிற கம்பிகளையும் தடுப்பு வலைகளையும் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் என் தொழில். ஓடுபாதையில் இறங்கிய போர் விமானத்துக்குப் பிரேக் பிடிக்காவிட்டால், பாதைக்குக் குறுக்கே கிடக்கும் உருக்குக் கம்பியில் அதன் கொக்கி மாட்டும். அதுவும் தவறினால் பாதை முடிவில் எழுந்து நிற்கிற நைலோன் வலைக்குள் போய் விழும். கம்பியின் இரண்டு முனைகளும் இரண்டு பக்கத்தில் இருக்கும் உருளைகளில் சுற்றிய நைலோன் நாடாக்களோடு பூட்டப்பட்டிருக்கும். நாடா அவிழ அவிழ உருளை தடுத்துப் பிடித்து விமானத்தை நிறுத்தும். உண்மை விமானத்தை மோதவிட்டுப் பார்க்கும் முன்னர் எல்லாவற்றையும் கணினிக்குள் செய்துபார்ப்போம். கம்பியை ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளாகப் பிரித்து, கொக்கி மாட்டிய கணத்திலிருந்து ஒவ்வொரு துண்டும் எங்கே இருக்கும், எவ்வளவு இழுபடும் என்று கணக்கிடுவது. நிறுவனத்தின் கந்தோர் வெளிநாட்டில். நான் இருப்பது மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மேல்மாடி அறையில். யன்னலுக்குக் கீழே கழுதைகள் நின்று வெயில் காயும். வேலை கிடைத்த புதிதில் அத்தானிடம் விளக்கினேன். “அப்ப பிளேனுக்குக் கரைவலை போடுறாய் எண்டு சொல்லு. நீயும் சம்மாட்டிதான்!” என்று சிரித்தார். ஒற்றைக் கண்ணும் சிரித்தது. நான் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன்.

இந்தச் சோளகக் காற்றுக் காலத்தில் ஒரு புதிய வேலை வந்தது. முன்னதைவிடப் பாரமான விமானம், நீளம் கூடிய நாடா. என் கணக்குப்படி கம்பியும் அறாது, நாடாவும் அறாது. அறிக்கை திங்கட்கிழமை போகவேண்டும், பிறகு உண்மையான ஓடுபாதையில் சோதனை. வெள்ளிக்கிழமை கடைசித் தடவையாக வரைபடத்தைப் பார்த்தபோது கண்ணில் பட்டது: உருளைக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன மனித உருவங்கள். இயக்குபவர்கள் நிற்கவேண்டிய கோடு அது. யாரோ பழைய வரைபடத்திலிருந்து அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள்.  எங்கள் கணினி நிரலில் நாடா அறுந்தால் ஓட்டம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். சிவப்பில் ‘தோல்வி’ என்று எழுதிவிட்டு அது தன்பாட்டுக்குப் போய்விடும். அறுந்த நாடா எங்கே போகிறது என்று நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.

தலைமைப் பொறியாளரிடம் கேட்டேன். நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கு அவசரம். “அறுமா அறாதா என்றுதான் நம்மிடம் கேட்டிருக்கிறார்கள். அறாது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அறாத நாடா எங்கே போகும் என்று ஏன் கேட்கிறீர்கள்?” என்றார். நியாயமான கேள்வி. வெயிலில் கிடந்து பழுதான நாடா அறலாம் என்றேன். அப்படியானால் திங்கட்கிழமைக்குள் நிரூபியுங்கள், அறுந்த பின் நடப்பதை உங்கள் கணக்கு சரியாகச் சொல்கிறது என்பதற்கு உண்மையில் நடந்த ஒரு சம்பவத்தோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள் என்றார். கயிற்றின் நீளம் தெரிந்த, ஆள் நின்ற இடம் தெரிந்த, அடி எங்கே பட்டது என்று தெரிந்த ஒரு சம்பவம். உலகத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். 

சனிக்கிழமை காலை அரிப்புக்குப் பஸ் ஏறினேன். வழி நெடுக ஒரே யோசனை. என்னவென்று கேட்பது? உங்கள் கண் போன நாளை அளந்து தாருங்கள் என்றா? அத்தான் இப்போது கரையில் ஐஸ் விற்கிறார். போய் இறங்கியதும் சுற்றி வளைக்காமல் கேட்டேன், சுற்றி வளைத்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஐஸ் பெட்டியை மூடிவிட்டு என்னோடு கரைக்கு வந்தார். “ட்ரக்டர் இதில நிண்டது. நான் இதில. கயிறு அங்க, அந்தக் கல்லடியில, முடிச்சில அறுந்தது.” காலால் மணலில் கோடு கீறினார். அளவு நாடாவைப் பிடித்து அளந்தோம். ஒரு சாணும் அவருக்கு மறக்கவில்லை. கயிற்றின் தடிப்பு, எத்தனை சுற்று, காற்று எந்தப் பக்கம், எல்லாம் ஒப்புவித்தார். சாக்கு வழக்கமாக எந்த இடத்தில் கிடக்கும் என்று நான் கேட்டபோது மட்டும் கொஞ்சம் தாமதித்துத்தான் காட்டினார்.

அக்கா வீட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, எங்கோ தூரதேசத்துக் கணினிக்குக் கணக்கை அனுப்பினேன். முதல் ஓட்டம், சாக்கு இல்லாமல். பகல் சாப்பாட்டுக்கு முன்னர் முடிவு வந்தது. அறுந்த முனை மணலை ஒருமுறை தொட்டு எழும்பி, உருளைக்குப் பக்கத்தில் நான் வைத்த உருவத்தின் தலைமட்டத்தில் வந்து அடித்தது. அன்றைக்கு நடந்தது அப்படியே. கணக்கு சரி. திங்கட்கிழமைக்கு எனக்கு அது போதும். கணினியை மூடிவிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் இரண்டாவது ஓட்டத்துக்கான எல்லாம் தயாராகக் கிடந்தது, ஒரு பொத்தானை அழுத்தவேண்டியதுதான். நான் எழும்பிப் போய்ப் பானையில் தண்ணீர் குடித்தேன். அக்காவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். கொடியில் காய்ந்த துணியை எல்லாம் எடுத்து மடித்தேன். “உனக்கு என்னடி இண்டைக்கு, ஒரு இடத்தில இருக்கிறாய் இல்லை?” என்று அக்கா கேட்டாள். பயமாக இருக்கிறது என்றேன். என்ன பயம் என்றாள். பதில் சொல்லாமல் வந்து பொத்தானை அழுத்தினேன்.

சாக்கோடு அறுந்த கயிறு உருளைவரை வரவேயில்லை. சாக்கு அதைப் பிடித்து இழுத்து மணலில் போட்டது. அந்த உருவத்தின் காலுக்கு இரண்டு முழம் முன்னால் முனை கிடந்தது. திரும்பவும் ஓட்டினேன். திரும்பவும் அங்கேதான் கிடந்தது. மணலில் நான் போட்ட கணக்கு, கயிறு அறுவதற்கு முந்திய கணக்கு. அத்தானின் சாக்கோ அறுந்த பிறகு வரப்போவதற்காகக் கிடந்தது. இரண்டாம் வருடத்துப் பெரிய படிப்பாளிக்கு அது தெரியவில்லை. அக்காவின் மேசையில் தலையை வைத்து அழுதேன்.

பின்னேரம் அத்தானைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினேன். முகத்தைச் சற்றுத் திருப்பி, நல்ல கண்ணால் திரையைப் பார்த்தார். “இது நான்தானோ?” என்றார். ஓம் என்றேன். “நல்லா மெலிஞ்சுபோனன்.” முதல் ஓட்டத்தில் கயிறு அடித்தபோது அவர் கை தானாக முகத்துக்குப் போனது. இரண்டாவதையும் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன். எத்தனையோ வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததை எல்லாம், மணலில் போட்ட கணக்கு, சத்தமாகச் சொன்னது, எல்லாரும் கேட்கவேண்டும் என்று சொன்னது, ஒன்று விடாமல்.

“நீ சொன்னதுக்கு நான் சாக்கை எடுக்கேல்லப் பிள்ளை,” என்றார். “உன்ர கணக்கு எனக்கு எங்க விளங்கினது? அவங்கள் சிரிச்சதுக்கு எடுத்தனான்.”

“அவை சிரிச்சது என்னாலதானே, அத்தான்.”

 ஆறுதலுக்கு ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஏங்கினேன்.

“ஓம்,” என்றார்.

அந்த ஓம் எனக்கு அடிதான். ஆனால் அதற்குப் பிறகுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. அத்தான் மேசையோரம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, “சரி, மற்றதைக் காட்டு. பிளேன்,” என்றார். காட்டினேன். விமானம் வந்தது, கொக்கி மாட்டியது, நாடா அவிழ்ந்தது, நின்றது. அவர் விமானத்தைப் பார்க்கவில்லை. விரலை நீட்டி உருளைக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு சின்ன உருவங்களைத் தொட்டார்.

“இவங்கள் ஆர்?”

“தெரியாது அத்தான். எந்த ஊர் ஆக்களோ.”

“வீட்டில ஆரும் இருப்பினம்தானே. பின்னுக்கு நிக்கச் சொல்லு.”

திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லாவற்றையும் காட்டினேன்.  கரைவலை, ட்ரக்டர், சாக்கு என்று நான் சொல்லச் சொல்லத் திரையில் தெரிந்த முகங்களில் ஒன்றிரண்டு சிரித்தன. “ஓடுபாதையிலும் ஈரச் சாக்குப் போடலாமே” என்று ஒருவர் பகிடி விட்டார்.  மணலும் குச்சியும் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. ஆனால் இந்த முறை நான் விடவில்லை. பழுதான நாடா அறுந்து வந்து அந்த இரண்டு உருவங்களையும் அடிப்பதைப் பெரிதாக்கி, மெதுவாக்கி, இரண்டு தடவை போட்டுக் காட்டினேன். இந்தக் கோடு இந்த இடத்தில் இருந்தால் அறிக்கையில் என் பெயர் வேண்டாம் என்றேன். சொன்ன பிறகுதான் வேலை போய்விடுமோ என்று தோன்றியது. தலைமைப் பொறியாளர் அதை இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். “கோட்டைப் பின்னால் தள்ளுங்கள். ஒரு வாளி மஞ்சள் பெயின்ட்தானே,” என்றார் கடைசியில்.

சோதனை நடந்த நாள் நான் ஒரு வேலையும் செய்யவில்லை. யன்னலடியில் நின்று கழுதைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று தகரங்களைப் போட்டு அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னேரம் காணொளி வந்தது. விமானம் வந்து மாட்டி நின்றது. கம்பி அறவில்லை, நாடாவும் அறவில்லை. புதிய மஞ்சள் கோட்டுக்குப் பின்னால், தூரத்தில், இரண்டு பேர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். முகம் தெரியவில்லை. கோட்டை வீணாகத் தள்ளவைத்தாய் என்று பகிடிக்காரர் செய்தி அனுப்பியிருந்தார். நான் பதிலுக்கு ஒரு சிரித்த முகம் அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை அரிப்புக்குப் போனபோது அத்தான் ஐஸ் பெட்டியடியில் குனிந்து நின்றார். புதிதாக வந்த கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிரவில்லை.

“அறுந்ததோ?” என்றார்.

“இல்லை அத்தான். அறேல்ல.”

“பின்னுக்கு நிண்டவங்களோ?”

“ஓம். நல்லாப் பின்னுக்கு.”

“அது காணும்,” என்றார். பக்கத்தில் வாளிக்குள் ஊறிக் கிடந்த சணல் சாக்கைத் தூக்கிப் பிழிந்து, ஐஸ் கட்டிகளின் மேல் விரித்து, மேலே இரண்டு தட்டுத் தட்டினார்.